ஒரே அலைவரிசை, முழு பலம்

மலைகளுக்கு நடுவே அலையபுரி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைத்துவிடப் போகிறது.

அந்நாட்டில் தெருவுக்கொரு வைஃபை பெட்டி. அரிசியோ மருந்தோ, எது வாங்குவதானாலும் கருவியில் பெருவிரலை வைக்க வேண்டும். பெட்டி அதை அரண்மனைக்குச் சொல்லும். அரண்மனை ஆமென்றால்தான் விரல் வைத்தவர் குடிமகன். தையல்காரி வேணியம்மையின் மகன் அமுதனுக்கு வலிப்பு நோய். மாதாமாதம் அரசு மருந்தகத்தில் விரல் வைத்து அவனுக்கு மாத்திரை வாங்குவாள். மாத்திரை தவறினால் பிள்ளை நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான்.

பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் மூன்று அலைவரிசைகளில் மாறி மாறி, தத்தம் தெருமுனை வரைக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் குறையொன்றும் இல்லை. அதுவே அலைத்துறை அமைச்சர் கம்பீரராயருக்கு உறுத்தியது. ஒரே நாட்டுக்கு எதற்கு மூன்று அலைவரிசை என்று அவையில் கண்கலங்கினார். மறுநாளே எல்லாப் பெட்டிகளும் முதலாம் அலைவரிசைக்கு மாறின. சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது போல் ஆயிற்று. வேணியம்மை விரலை வைத்தாள். கருவித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பகலெல்லாம் நின்றபின் ஒருவழியாகப் பதிந்தது.

புகார்கள் போயின. குரல் எடுபடவில்லை என்றால் சத்தமாகப் பேச வேண்டியதுதானே என்றார் அமைச்சர். எல்லாப் பெட்டிகளின் திறனையும் உச்சத்துக்கு ஏற்ற ஆணை பிறந்தது. இப்போது கீழத்தெருப் பெட்டி மேலத்தெரு வரை கத்தியது. மேலத்தெருப் பெட்டி திருப்பிக் கத்தியது. வேணியம்மையின் விரல் பதிவதே நின்றுபோனது. ஆனால் கைபேசிகளில் மட்டும் சிக்னல் கோடுகள் நிறைந்து தெரிந்தன. அமைச்சர் அந்தக் கோடுகளைப் படமெடுத்துச் சுவரெங்கும் ஒட்டச் செய்தார்.

அலைத்துறைப் பொறியாளர் பரிதி பொறுக்கமாட்டாமல் அவையில் எழுந்தார். "திறனைக் குறைங்கய்யா. தெருவுக்குத் தெரு வேற வேற அலைவரிசை குடுங்க. தானா சரியாயிடும்."

"பிரிக்கச் சொல்கிறீர். குறைக்கவும் சொல்கிறீர்," என்றார் கம்பீரராயர். "இரண்டுமே தேசத்துரோகம் என்பதை அறிவீரா?"

பரிதியைப் பெட்டியே இல்லாத ஒரு மலைமுகட்டுக்கு மாற்றினார்கள். அங்கே நிம்மதியாகத் தூங்குகிறாராம். எனக்குப் பொறாமைதான்.

பிறகு தேர்தல் வந்தது. அரசர் தொடரலாமா, வேண்டாமா என்பதே கேள்வி. அதற்கும் பெருவிரல்தான். வேணியம்மை 'வேண்டாம்' என்ற இடத்தில் விரலை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"பதிவாகாத விரல் சம்மத விரல்னு புதுச் சட்டம்," என்றார் சாவடி அதிகாரி. "நீங்க கெளம்பலாம்மா."

"மருந்துக்கடையில பதிவாகலன்னா நான் ஆளே இல்லன்னு திருப்பி அனுப்புறீங்க. இங்க பதிவாகலன்னா மட்டும் சரின்னு சொன்னதா எடுத்துக்குவீங்களாய்யா?"

அதிகாரிக்கும் வீடு போய்ச் சேர வேண்டும். "அது வேற துறைம்மா," என்றார்.

அரசருக்கு வரலாறு காணாத வெற்றி. அன்று மாலையே அவர் நாட்டு மக்களிடம் பேசுவதாக ஏற்பாடு. பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதால், அரண்மனைப் பெட்டி தவிர மற்ற எல்லாவற்றையும் அணைக்கும்படி அமைச்சரே ஆணையிட்டார். ஆக, கூச்சல் அடங்கினால் கேட்கும் என்பது அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. இதற்குக் கோபப்படக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை. மருந்தகப் பெட்டியும் அணைந்தது. வரிசையில் நின்ற வேணியம்மையை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"என் அருமைக் குடிமக்களே! உங்கள் ஒவ்வொருவரின் குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது" என்று அரசர் பேசியது, அவள் வீடு போகும் வழியெல்லாம் கைபேசிகளில் ஒரு சொல் பிசகாமல் ஒலித்தது. அவள் அமுதனைப் பக்கத்தில் உட்கார வைத்து, டப்பாவில் மிச்சமிருந்த கடைசி மாத்திரையை இரண்டாக உடைத்தாள்.