அந்துப்பூச்சி சுற்றும் சட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை நலம், நாய் நலம். என்னைப் பற்றியும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றியும் மட்டும் கேட்காதீர்கள்.

போன வருடம் அந்துப்பூச்சியின் புழு குலைக்குக் குலை துளைத்ததைப் பார்த்து, இந்த வருடம் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெட்டி நிறையக் குட்டிக் குழாய்கள் அனுப்பினீர்கள். உள்ளே பெண் பூச்சியின் வாசனை, கொடிக்குக் கொடி கட்டினால் தோட்டம் முழுக்க அதே வாசனை, நிஜப் பெண் எங்கே என்று தெரியாமல் ஆண் பூச்சி அலையும், முட்டை கிடையாது, புழு கிடையாது என்றீர்கள். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கோளாறு மூக்கிலா சரக்கிலா என்று ஒன்றை உடைத்துச் சட்டையில் தேய்த்தும் பார்த்தேன், ஊஹும். சரி, மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதென்று மிச்சத்தைக் கட்டிவிட்டு, அதே சட்டையோடு சாயங்காலம் தோட்டத்து முனையிலிருக்கும் முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தேன். பாதித் தலை வெட்டியிருக்கும்போது ஜன்னல் வழியாக வந்தது பாருங்கள் ஒரு பூச்சிப் படை! "என்ன சார், லைட்டை விட்டுட்டு உங்களையே மொய்க்குது?" என்று கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கடைக்காரர் வெளியே ஓட, நான் பாதித் தலையோடு வீடு வந்து சேர்ந்தேன். சட்டையைத் துவைத்த பிறகும் பூச்சிகள் அதை விடவில்லை. "அத்தனையும் ஆம்பளைப் பூச்சிங்க. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நீங்க ஒரு நாளாவது இப்படி என்னைச் சுத்திச் சுத்தி வந்திருக்கீங்களா?" என்கிறாள் அத்தை.

சிரிப்பு இருக்கட்டும். தினமும் குனிந்து குனிந்து தேடுகிறேன், தரையில் ஒரு பூச்சிகூடச் செத்து விழவில்லை. பூச்சி சாகாத மருந்தும் ஒரு மருந்தா? இன்னொரு விளைச்சலைப் புழுவுக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. கொடிகளைப் பிடுங்கத் திங்கட்கிழமை டிராக்டர்காரரை வரச் சொல்லிவிட்டேன். எல்லாம் என் கையால் நட்டவை. இதைக் கேட்டதிலிருந்து அத்தை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனிமேல் பெட்டி எதுவும் அனுப்ப வேண்டாம்.

கோபம் பூச்சி மேல்தான், உங்கள் மேல் இல்லை. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

பாசமுள்ள,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப்போனாள். "பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு குலையையாவது பிரிச்சுப் பாருங்க!" செத்த பூச்சியைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் மாப்பிள்ளை, தலையைத் தூக்கினேன். வரிசை வரிசையாகப் பிரித்துப் பார்த்தோம். ஓட்டை இல்லை, புழு இல்லை. டிராக்டர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே இன்னொரு பெட்டி அனுப்புங்கள். குழாய் போதாமல் போன கடைசி வரிசையில், எனக்குத் தெரியாமல் அத்தை என் சட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அங்கேயும் குலை சுத்தம். பெட்டி வந்தால்தான் சட்டையைத் தருவாளாம்.