எந்தச் சந்தேகம், சார்?

"டவுட்ஃபுல்னு எழுதி அனுப்பிடுய்யா. அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

"எந்த டவுட்ஃபுல், சார்?" என்று கேட்டான் ரஷ்யா.

அவனுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மாவு பிசையும் இயந்திரங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் ரஷ்ய மொழி படித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவன் ரஷ்யா. கம்பெனியின் ஒரே பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து மெயில்கள் ரஷ்ய மொழியில்தான் வரும். அவற்றைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் அவனைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நிரந்தரம் ஆக்குவீர்களா என்று அவன் கேட்டபோது முதலாளி சொன்ன பதிலும் இதே டவுட்ஃபுல்தான்.

அவருக்கு மிகவும் பிடித்த சொல் அது. லீவு கிடைக்குமா? டவுட்ஃபுல். மழை வருமா? டவுட்ஃபுல். ஆமாம் என்று சொன்னால் செய்தாக வேண்டும். இல்லை என்று சொன்னால் சண்டை வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே அவர் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார்.

இப்போது வாடிக்கையாளர் கேட்டிருந்த கேள்வி, இயந்திரங்கள் மாதக் கடைசிக்குள் தயாராகிவிடுமா என்பது.

"சார், ரஷ்ய மொழியில இதுக்கு நாலஞ்சு சொல் இருக்கு. 'வ்ரியாத் லி'ன்னா அநேகமா நடக்காது. 'மோஷெத் பித்'னா நடந்தாலும் நடக்கலாம். 'சம்னீத்தெல்னி'ன்னு போட்டா நம்மளையே நம்பக் கூடாதுங்கிற மாதிரி ஒரு வாடை அடிக்கும். எவ்வளவு சந்தேகம்னு சொன்னீங்கன்னா..."

"சந்தேகத்துல என்னய்யா அளவு? சட்டையா எடுக்கறோம்? எதையாவது போடு."

எதையாவது போடுகிறவன் ரஷ்ய மொழி படிக்கப் போயிருக்கவே மாட்டான். தலையணை கனமுள்ள அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் தவித்துவிட்டு, கடைசியில் 'வ்ரியாத் லி' போட்டு அனுப்பினான்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. அப்படியானால் ஆர்டரை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளி குதித்தார். "நான் எப்பய்யா முடியாதுன்னு சொன்னேன்?"

"முடியும்னும் சொல்லலையே, சார்."

"அதுக்குப் பேருதான்யா டவுட்ஃபுல்! மாத்தி எழுது!"

'மோஷெத் பித்' என்று மாற்றி எழுதினான். அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. மிக்க மகிழ்ச்சி, மாதக் கடைசியில் கப்பலில் இடம் பிடித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் எப்பய்யா முடியும்னு சொன்னேன்?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஆர்டர் மட்டும் கைநழுவிப் போச்சு, உன் வேலை போயிடும். அதுல டவுட்டே இல்ல!"

அவர் சந்தேகமில்லாமல் ஒரு வாக்கியம் பேசி ரஷ்யா கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் மாமனார் சாப்பாட்டு மேசையில் தயாராக இருந்தார்.

"மாப்ளே, வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?"

"அப்பா, சாப்பிடறப்ப கேக்காதீங்க" என்றாள் மனைவி.

"வேற எப்பம்மா கேக்கறது? சாப்பிட்டதும் அகராதியைத் தூக்கிட்டுப் போயிடறாரு. ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்னு கேட்டப்போ பெருமையாத்தான் இருந்துது. இப்ப, படிச்சு என்ன பண்றார்னு கேக்கறாங்க."

ரஷ்யாவுக்கு அவமானமாக இருந்தது. நிரந்தர உத்தரவை இந்த மனுஷனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவப் போக வேண்டும். வாழ்க்கையில் அவனுக்கு வேறு ஆசையே இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் அவன் நேராகப் பட்டறைக்குப் போனான். சந்தேகத்தை அது உற்பத்தியாகும் இடத்திலேயே அளந்துவிடுவது என்று முடிவு.

"மோட்டார் வந்தா மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் ஃபோர்மேன்.

"மோட்டார் எப்ப வரும்?"

"அதை பர்சேஸ்ல கேளு."

பர்சேஸ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதலாளி கையெழுத்துப் போட்டா வந்துடும்."

"போடுவாரா?"

"கேட்டேன். டவுட்ஃபுல்னாரு."

ரஷ்யா தன் இடத்துக்குத் திரும்பி வந்து, தெரிந்த ரஷ்ய மொழியையெல்லாம் திரட்டி ஒரு முழுப் பக்கம் எழுதினான். நடக்காது என்று சொல்வதற்கில்லை, நடக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், இரண்டு பக்கமும் சம அளவில் இருக்கும் சந்தேகம் தற்சமயம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, எந்தப் பக்கம் என்பது சந்தேகம். படித்துப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது.

பதில் ஒரே வரிதான். ஒன்றும் புரியவில்லை, டைரக்டரே நேரில் வருகிறார், கூடவே மொழிபெயர்ப்பாளரும்.

வந்தார்கள். டைரக்டர் ஆஜானுபாகுவான மனிதர். மொழிபெயர்ப்பாளர் ரஷ்யாவுக்கு அக்கா வயதிருக்கும் ஒரு பெண்மணி. இரண்டு பெரியவர்களும் கை குலுக்கி, பல் தெரியச் சிரித்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்கள். முதலாளி, அவருக்குப் பக்கத்தில் ரஷ்யா, அவனை ஒட்டி அந்தப் பெண்மணி, அடுத்து டைரக்டர் என்று வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. எதிராளிக்குப் புரியாத மொழியாகவே இருந்தாலும் வியாபாரப் பேச்சைக் காதோடு காதாகத்தான் பேச வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. டைரக்டருக்கும் அதே கொள்கை போலிருந்தது. அவரும் அந்தப் பெண்மணியின் காதில்தான் முணுமுணுத்தார்.

பெண்மணி ரஷ்ய மொழியில் கேட்டாள். "இயந்திரங்கள் மாதக் கடைசிக்குள் தயாராகுமா என்று எங்கள் டைரக்டர் கேட்கிறார்."

ரஷ்யா முதலாளியின் பக்கம் குனிந்தான். "சார், நேர்ல வந்து கேக்கறாங்க. ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சார். என் பொழப்பே இதுலதான் இருக்கு."

முதலாளி கூரையைப் பார்த்தார். மோவாயைத் தடவினார். அவன் காதில் வாயை வைத்து, "டவுட்ஃபுல்" என்றார்.

ரஷ்யாவின் சட்டை நனைந்துவிட்டது. எல்லாச் சொற்களும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து மோதிக்கொண்டன. கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பெண்மணி டைரக்டரின் காதுப் பக்கம் சாய்ந்தாள். பக்கத்து நாற்காலி என்பதால் அவள் சொன்னது இவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"டவுட்ஃபுல், சார்."

டைரக்டர் பிடரியைச் சொறிந்துகொண்டு சுத்தமான ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். எந்த அளவுக்கு டவுட்ஃபுல் என்று கேட்டுச் சொல்லும்மா என்றார்.

ரஷ்யாவுக்குக் கண் திறந்துகொண்டது. முதலாளிக்கு ஆங்கிலம் தெரியும். அந்த மனிதருக்கும் தெரிகிறது, ரஷ்ய மொழிதான் தெரியவில்லை! இவன் அகராதியைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் எதற்காக? நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டான்.

"சார்! சார், இவருக்கு..."

மேசைக்கு அடியில் அவன் காலை நறுக்கென்று ஒரு செருப்பு மிதித்தது. அந்தப் பெண்மணி முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சமும் மாறாமல், ரஷ்ய மொழியில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பேசாம உக்காரு தம்பி. உங்க முதலாளிக்கு ரஷ்ய மொழியைத் தவிர வேற எதுவும் தெரியாதுன்னு நான் எங்க டைரக்டரை நம்ப வச்சிருக்கலேன்னா, நம்ம ரெண்டு பேருக்கும் யாரு வேலை குடுத்திருப்பாங்க?"