கம்பளிக்குள் நடந்த மோட்டார்

ராயபுரத்தில் எதையும் மூடி வைக்காமல் குடித்தனம் நடத்த முடியாது. துறைமுகத்து நிலக்கரித் தூள் தண்ணீர்க் குடத்தில் இறங்கும், கொடியில் காயும் துணியில் இறங்கும், தூங்குகிற குழந்தையின் மூக்கிலும் இறங்கும். நான் எல்லாவற்றையும் மூடுவேன். சரியாக மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். (திறந்துதான் பார்ப்பேன்.)

மகள் பிறந்தபோது பாதியில் நின்றது என் ஆராய்ச்சி. நம் செல்களுக்குள் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றின் மேல் மூலக்கூறு மோட்டார்கள் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கும். ஒரு கால் இழையைப் பிடித்திருக்க, மறு கால் முன்னே எட்டு வைக்கும். அந்த நடையைக் கணினியில் கணக்கிட்டுக் கொண்டுவந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். பால் புட்டி கழுவும்போதெல்லாம் அந்த ஆய்வகத்து நாற்காலிக்காக ஏங்கினேன்.

வீட்டுக் கணினியில் நிரலை ஓடவிட்டேன். நாள்கணக்கில் ஓட வேண்டும்.

"இன்னாம்மா, எப்பப் பாரு ஓடினே கீது?" என்றார் என் மாமியார்.

"உள்ள ஒரு மோட்டார் நடந்துகிட்டிருக்கு அத்தை."

"நம்ம பாப்பாவே இன்னும் நடக்கல. அதுக்கு இன்னா அவசரம்?"

பேராசிரியரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் துறைமுகப் பக்கமிருந்து காற்று வீசியது. ஜன்னலெல்லாம் கறுப்பு. குழந்தையைப் போர்த்தினேன். கணினியைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. குழந்தையின் இன்னொரு கம்பளியால் அதையும் போர்த்தினேன். (காற்றோட்டத்துக்கான ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தேன்.)

சாயங்காலம் அத்தை கத்தினார்: "ஏம்மா, மிஷினு கொதிக்குது! ஜொரம் கொயந்தைக்கா, இதுக்கா?"

திரை இருண்டிருந்தது. உள்ளே எரிந்த வாடை. அதுவரை ஓடிய கணக்கை நடுநடுவே சேமித்துவைக்கும்படி நிரலில் நான் எழுதவில்லை. ஓட்டம் மெதுவாகிவிடுமோ என்று பயம்.

மறுநாள் வெறுங்கையோடு போனேன்.

"மோட்டார் எப்படிம்மா நடந்தது?" என்றார் பேராசிரியர்.

கைப்பையைச் சரக்காகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தரைக்கல் கோட்டின் மேல் நடந்து காட்டினேன். புடவை தடுக்கியது. ஒரு காலைத் தூக்கியபடியே அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "குழந்தை கொஞ்சம் வளரட்டும்மா" என்றார். சிரித்திருக்கலாம்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கணவர், "போத்தாதம்மா, ஆப் ஆயிடும்!" என்பார். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கணினியை மட்டும் பழைய சாமான்காரருக்குப் போட மனம் வரவில்லை. பரண் மேல் அதே கம்பளிக்குள் இருக்கிறது. (தூசி படக்கூடாதே.) உள்ளே அந்த மோட்டார், ஒரு காலால் இழையைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.