சங்கரன்கோவிலா, சங்கரன்கோயிலா?

மூன்றாவது தடவையாக லிங்கேஷின் இன்வாய்ஸ் திரும்பி வந்தது.

"திருப்பி அனுப்பிட்டான்! மறுபடியும் திருப்பி அனுப்பிட்டான்!" என்று மாடி அறையில் அவன் லேப்டாப்பைப் பார்த்துக் கத்திய கத்தலில், கீழே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்த மாமனார் தங்கப்பழம் நிமிர்ந்து பார்த்தார்.

"எதை மாப்ள? பார்சலையா?"

"பில்லை மாமா! ஆஸ்திரேலியாவுக்குப் போட்ட பில்லை!"

"எங்க மண்டியில இதுவரைக்கும் பில்லு திரும்பி வந்ததே கிடையாது. பூவுதான் வாடித் திரும்பி வரும்" என்றபடி தங்கப்பழம் படியேறினார். அவருக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. மாடியில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்ற சந்தேகம் அவருக்குப் பெண் பார்த்த அன்றைக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அன்று கேட்டார். "ரெண்டு கட்டத்துல எழுதுனது எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாக்குற புரோகிராம் எழுதுதேன் மாமா. ஒரு புள்ளி மாறுனாலும் உள்ள விடாது" என்று லிங்கேஷ் பெருமையாகச் சொன்னான். "இதுக்கு ஒரு ஆளா? நாங்க கண்ணாலயே பாத்துருவோமே" என்றார் அவர். அதற்கப்புறம் லிங்கேஷ் எத்தனையோ பெரிய வேலைகள் செய்துவிட்டான். அவர் மட்டும் அந்த ரெண்டு கட்டத்திலேயே நின்றுவிட்டார்.

பெர்த் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு லிங்கேஷ், பெண் பார்க்கப் போனதற்கும் முன்னாலிருந்தே, இரண்டு வருஷமாகக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். இதுவரை சென்னை ஏஜென்சி ஒன்று நடுவில் இருந்தது. அதை மூடிவிட்டார்கள். இனி நேராக ஆஸ்திரேலிய டாலரிலேயே இன்வாய்ஸ் போட வேண்டியதுதான் என்று பெர்த் மேனேஜர் கேவின் சொல்லிவிட்டான். கூடவே ஒரு நிபந்தனை. முதல் இன்வாய்ஸ் முப்பதாம் தேதிக்குள் கம்பெனியின் வெப்சைட்டில் ஏறி, பாஸ் ஆகவேண்டும். ஏறினால் இன்னொரு வருஷக் காண்ட்ராக்ட். ஏறாவிட்டால் கும்பிடு.

கும்பிடு போட்டால் நேராகப் பூ மண்டிதான். அங்கே அவனுக்காக ஒரு நாற்காலி வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார் தங்கப்பழம்.

முதல் இன்வாய்ஸை, சரியா என்று பார்க்கச் சொல்லி, கேவினுக்கு மெயிலில்தான் அனுப்பினான். அதில் இரண்டாயிரம் டாலர் போட்டு, அதன்மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டியும் போட்டிருந்தான். யூடியூபில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். கேவின் பதறிப்போய் எழுதினான்: 'உங்கள் ஊர் அரசாங்கத்துக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும்?'

டாக்ஸ் கன்சல்டன்ட் எபினேசர் அண்ணாச்சியிடம் ஓடினான்.

"கர்த்தாவே! நம்பரே வாங்காம வரி போட்டீரா? அது குத்தம் வே!" என்று எபினேசர் தலையில் கை வைத்தார். "வெளிநாட்டுக்குச் செய்யுத வேலை ஏற்றுமதி. அதுக்கு வரி கிடையாது. வருசத்துக்கு இருபது லட்சம் தாண்டாத வரைக்கும் உமக்கு ஜிஎஸ்டி நம்பரும் தேவையில்ல. பேசாம டாலரை மட்டும் போட்டு அனுப்பும்."

"வெப்சைட்ல ஜிஎஸ்டி நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு அண்ணாச்சி. பக்கத்துல சிவப்பா ஒரு ஸ்டாரு. காலியா விட்டா நகர மாட்டேங்கு."

"ஒரு ஸ்டாருக்காவ எவனாவது ஜிஎஸ்டி எடுப்பானா வே?"

லிங்கேஷ் எடுத்தான்.

நம்பர் வந்த அன்று எபினேசர் துக்கம் விசாரிப்பவர் மாதிரி பேசினார். "இனிமே நீரு ரிட்டர்ன் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒண்ணுமே இல்லைன்னாலும் ஒண்ணுமே இல்லைன்னு போடணும். வரி கட்டாம ஏற்றுமதி செய்யுதேன்னு வருசா வருசம் ஒரு உறுதிக் கடிதமும் குடுக்கணும். நல்லா இருந்த மனுசன் போய் மாட்டிக்கிட்டீரே. ஆங், டாலருக்கு அன்னைக்கு ரூபா மதிப்பு என்னன்னு குறிச்சு வச்சுக்கிடும்."

குறித்து வைக்கச் சொன்னதை இன்வாய்ஸிலேயே குறித்து அனுப்பினான். 1,14,000 என்று நம் ஊர்க் கமாவோடு. வெப்சைட் கமாக்களை முழுங்கிவிட்டு அதை டாலர் என்று எடுத்துக்கொண்டது. கேவின் கேட்டான்: 'ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டாலரா? எங்களுக்கு வீடு ஏதும் கட்டிக் கொடுத்தீர்களா?'

அப்படி இரண்டாவது போயிற்று. இப்போது மூன்றாவது.

"இப்ப என்ன குறையாம்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி ப்ரியதர்ஷினி டீயோடு வந்தாள்.

"பேங்க் அட்ரஸும் ஜிஎஸ்டி அட்ரஸும் ஒத்துப்போகலையாம். ரெண்டும் இதே வீடுதான்! இதே தெரு, இதே கதவு நம்பர்!"

ப்ரியதர்ஷினி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏங்க, பேங்க்ல கோவில்னு இருக்கு. ஜிஎஸ்டியில கோயில்னு இருக்கு. இங்கிலீஷ்ல நடுவுல ஒரு 'வி' எழுத்து இல்ல."

"கரண்ட் பில்லுல 'வி' இல்லாம இருந்துது. அண்ணாச்சி அதைப் பாத்து அடிச்சிட்டாரு."

"கோவிலோ கோயிலோ, உள்ள இருக்க கோமதியம்மா ஒண்ணுதான மாப்ள?" என்றார் தங்கப்பழம்.

"அது நமக்குத் தெரியும் மாமா! எவனோ ஒரு அறிவு கெட்டவன் எழுதி வச்ச வெப்சைட்டுக்குத் தெரியலையே!"

லிங்கேஷ் பைக்கை எடுத்தான். முதலில் எபினேசர். "அண்ணாச்சி, ஜிஎஸ்டியில 'வி' சேக்கணும்."

"சேக்கலாம். 'வி' போட்ட வீட்டு வரி ரசீது கொண்டாரும். ஆனா எப்ப ஆவும்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

வீட்டுக்குப் போய் ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தான். இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. அங்கிருந்து நேராக பேங்க். கவுண்ட்டரில் சாஜிதா பானு என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டாள்.

"என்ன மாத்தணும் சார்? வீடு மாறிட்டீங்களா?"

"இல்ல மேடம். வீடு அங்கனயேதான் இருக்கு. ஊர்ப் பேருல ஒரு எழுத்தை எடுக்கணும்."

"வேற ஊருக்குப் போனா மாத்தலாம். அதே ஊர்ல இருந்துக்கிட்டு ஊரை எப்படி சார் மாத்துறது?"

"நான் வேணா கரிவலம்வந்தநல்லூருக்குக் குடி போய்ட்டு நாளைக்குத் திரும்பி வாரேன். வரும்போது 'வி'யை அங்கன விட்டுட்டு வாரேன். சரியா?"

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது. "கரண்ட் பில்லைக் குடுத்துட்டுப் போங்க. முயற்சி பண்ணுதேன்" என்றாள்.

இரண்டில் எது முந்துதோ அது போதும் என்று லிங்கேஷ் நிம்மதியாக வீட்டுக்கு வந்தான். இரண்டு இடத்தில் சொல்லி வைத்த தன் சாமர்த்தியத்தை ப்ரியதர்ஷினியிடம் இரண்டு தடவை சொன்னான்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரைக்கு எபினேசர் போன் போட்டார். "வே, சுவிசேஷம்! ஜிஎஸ்டியில 'வி' ஏறிட்டு!"

லிங்கேஷ் துள்ளிக் குதித்தான். பத்து முப்பத்தைந்துக்கு சாஜிதா பானு அழைத்தாள். "சார், உங்களுக்காக மேனேஜர் வரைக்கும் பேசிட்டேன். 'வி'யை எடுத்தாச்சு! இப்ப சந்தோசமா?"

சந்தோஷமா? பேங்கில் கோயில் ஆகிவிட்டது. ஜிஎஸ்டியில் கோவில் ஆகிவிட்டது. இருந்தாலும் ஒரு ஆசையில் நான்காவது தடவையாக அமுக்கிப் பார்த்தான். சிவப்புக் கட்டம் சாவகாசமாக வந்து நின்றது. ஒத்துப்போகவில்லை.

"நாற்காலி உறையைப் பிரிச்சுறவா மாப்ள?" என்று மாமனார் மெதுவாகக் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் லிங்கேஷுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"பிரிக்காதீங்க! தப்பு என் மேலயா? எங்க ஊர் மேலயா? ஒரு ஊருக்கு ரெண்டு ஸ்பெல்லிங் இருக்கும்னு தெரியாத ஒரு மடையன் எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து ரூல் எழுதிருக்கான். அவனால ஊர்ல உள்ளவன் பூரா அலையணுமா? நான் கேவினுக்கே எழுதுதேன்!"

எழுதினான். ஒரு மணி நேரம் எழுதினான். மனிதர்கள் வாழும் ஊர்களைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாத ஆள் என்று எழுதினான். இப்படிப்பட்டவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிக்கே அவமானம் என்று எழுதினான்.

"கொஞ்சம் மரியாதையா எழுதுங்களேன். அந்த ஆளுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கும்லா" என்றாள் ப்ரியதர்ஷினி.

"இருக்கட்டும். அவளுக்காவது தெரியணும் தன் புருசன் என்ன லட்சணத்துல வேலை பாக்கான்னு!"

"நல்லா உறைக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க மாப்ள" என்றார் தங்கப்பழம். சண்டை என்றதும் அவருக்கும் இந்த வேலையில் கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது.

கடைசி வரியாக லிங்கேஷ் இப்படிப் போட்டான்: 'இந்தக் கம்பெனியில் ஒன்று அந்த ஆள் இருக்கவேண்டும், அல்லது நான் இருக்கவேண்டும்.' ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அனுப்பினான்.

முப்பதாம் தேதி காலையில் பதில் வந்திருந்தது. கேவின் உருகி உருகி எழுதியிருந்தான். 'நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த ரூலை எடுத்துவிட்டோம். உங்கள் இன்வாய்ஸ் பாஸ் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை ஹெச்.ஆருக்கும் அனுப்பினேன். அந்த ரூலை எழுதியவர் யார் என்று பழைய ஃபைலில் தேடிக் கண்டுபிடித்து, இன்று காலையே அவருடைய காண்ட்ராக்டை ரத்து செய்துவிட்டார்கள்.'

"பாத்தீங்களா மாமா! ஒரே லெட்டர்! பெர்த்தே ஆடிப்போச்சு!"

தங்கப்பழம் மாப்பிள்ளையை முதன்முறையாக ஒரு ஆளாகப் பார்த்தார். எழுந்து கையைக்கூடக் குலுக்கினார். "நாற்காலியைக் கடையிலயே திருப்பிக் குடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வரும்போது நாலு மட்டன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். இலையைப் பிரித்தார்கள். மாடி அறையே மணந்தது.

ப்ரியதர்ஷினிதான் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஹெச்.ஆர்ல இருந்து தனியா ஒரு மெயில் வந்திருக்கு. அந்த ஆளை வேலையை விட்டு எடுத்த லெட்டர் போல."

"அதை நமக்கும் அனுப்பிருக்கானா? கேவின் தங்கமான மனுசன் ட்டி!" லிங்கேஷ் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "வாசி, மாமாவுக்கும் கேக்கட்டும். அந்த மடையன் பேரு என்ன? எந்த ஊர்க்காரனாம்?"

அவள் ஒரு தடவை வாசித்தாள். திரையைக் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"பேரு லிங்கேஷ்னு போட்டிருக்குங்க. ஊரு சங்கரன்கோவில்... 'வி' எல்லாம் கரெக்டா இருக்கு."