நொயேல்லாவால் முடியாதது

அன்புள்ள ஜெரால்டின் அக்காவுக்கு,

தம்பி லூசியன் வணக்கத்துடன் எழுதுவது. ஃப்ளோரிடா வெயிலில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மெய்னில் பனி உருகி ரோடெல்லாம் சேறு. நானும் மகள் நொயேல்லாவும் மாப்பிள்ளையும் நலம். அந்த நலம்தான் இப்போது தொல்லையாக வந்து முடிந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், “வீட்லயே பிரசவமா? உங்களுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாய். பேதலிக்கவில்லை அக்கா. நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் ரோடு ரோடாக இருக்கிற மாதத்தில். போன வருஷம் எதிர்வீட்டுப் பெண் பாதி வழியில் வண்டிச் சீட்டிலேயே பெற்றாள், அவள் புருஷன் இன்னும் அந்தச் சீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். “அதுக்கு நான் என் கட்டில்லயே பெத்துக்கிறேன்” என்று நொயேல்லா சொன்னாள், நானும் சரி என்றேன். மருத்துவச்சி ஒடீல் மாதாமாதம் வந்து பார்க்கிறாள். குழந்தை தலைகீழாகச் சரியாக இருக்கிறதாம், தாய்க்கு ரத்த அழுத்தம் கச்சிதமாம். ஆக பிரசவத்தில் சிக்கல் இல்லை, சிக்கலெல்லாம் லீவில்.

நொயேல்லா வேலை பார்க்கிற உருளைக்கிழங்கு ஆலையில் லீவு கொடுப்பார்கள், லீவுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். சம்பளம் வேண்டுமானால் ஆலை எடுத்து வைத்திருக்கிற இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இன்சூரன்ஸோ உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும்தான். நம் நாட்டில் பிள்ளை பெறுகிறவள் முதலில் தான் செயலற்றுப் போனதாக எழுதிக் கொடுக்க வேண்டும் அக்கா, நீயும் நானும் இத்தனை வருஷம் இது தெரியாமலே வாழ்ந்திருக்கிறோம். மாப்பிள்ளை டார்சி மரலாரி ஓட்டுகிறவன். சேறு காய்கிறவரை கனரக வண்டிகள் ரோட்டில் ஏறக்கூடாது என்பதால் அவனுக்கு இப்போது ஒரு காசு வரும்படி இல்லை, கழற்றிய கார்புரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றித் துடைக்கிறான். இன்சூரன்ஸ் கைவிட்டால் பிள்ளை பெற்ற இரண்டாவது வாரமே இவள் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான். “ரெண்டு வாரத்துல அதுக்கு என் மூஞ்சிகூட சரியாத் தெரியாதுப்பா” என்றாள். அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

சரி, எழுதிக் கொடுப்போம் என்று சமையலறை மேஜையில் மூவரும் உட்கார்ந்தோம். இன்சூரன்ஸ் படிவத்தில் முதலில் நோயின் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. நோய் எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டபோது டார்சி வாயைத் திறந்தான், நொயேல்லா கரண்டியை எடுத்தாள், மூடிக்கொண்டான். எந்த ஆஸ்பத்திரி, சேர்க்கப்பட்ட தேதி என்ன என்று அடுத்த கேள்வி. “மாமா வீடுன்னு எழுது. சேர்த்தது நீ பொறந்த அன்னிக்கு. இன்னும் டிஸ்சார்ஜ் பண்ணலை” என்றான். அதற்கு மட்டும் நொயேல்லா சிரித்தாள். பிறகு, மருத்துவச்சி கையெழுத்து போதாது, டாக்டர் கையெழுத்துதான் செல்லும் என்று தகவல் வந்தது. டாக்டரிடம் போனால், “வீட்ல பெத்துக்கிறவங்களுக்கு நான் எதுக்கும்மா?” என்கிறார். ஒடீல் நேரே உள்ளே போய், “கர்ப்பமா இல்லையான்னு மட்டும் பாருங்க டாக்டர், அதுல உங்களுக்குச் சந்தேகம் வராது” என்றாள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வேலைக்குப் போக முடியாது என்று கையெழுத்துப் போட்டார், “எங்க பெத்துக்கப் போறாங்கறது என் காதுல விழலை” என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்து மாவு கரைத்து, தோசை போல் புளோய் சுட்டு வெண்ணெய் தடவித் தின்றோம்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம். ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேன் மாதிரிக் குரல். நொயேல்லா கொல்லையில் இருந்தாள், நான் எடுத்தேன். “வீட்ல அன்றாட வேலையெல்லாம் அவங்களால செய்ய முடியுதுங்களா?” என்று கேட்டாள். அக்கா, உனக்கு நம் அப்பாவைத் தெரியும். கால் முறிந்த வருஷமும் வண்டியில் உட்கார்ந்தே கிழங்கு அறுவடையை முடித்த மனிதர். அந்த ரத்தம் எனக்குள் கொதித்துவிட்டது. “முடியுதாவா? என் பொண்ணால முடியாததுன்னு ஒண்ணு இருந்தா நீ சொல்லும்மா. இந்த வயித்தோட நேத்து ஒரு வண்டி விறகு அடுக்கினா. லாரி டயரை அவதான் மாத்தினா, மாப்பிள்ளை பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தாரு. ஆலையில மூணு ஆம்பளை வேலையை ஒத்தையாப் பார்ப்பா” என்றேன். அவள் மிகவும் நன்றி சொன்னாள். என்ன மரியாதையான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வீட்டில் உள்ள ஒருவர் அளித்த தகவலின்படி மனுதாரர் பூரண நலத்துடன் இருப்பதால் உதவித்தொகை இல்லை என்று எழுதியிருந்தார்கள். நொயேல்லா மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தாள். கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இதெல்லாம் நீங்க சொன்னதாப்பா?”

“ஆமா.”

“மூணு ஆம்பளைக்குச் சமம்னா?”

“சொன்னேன்.”

“இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. போயும் போயும் இன்சூரன்ஸ்காரிகிட்டயாப்பா சொல்லணும்?”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நம் வீட்டில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் மெச்சியதில்லை. நீ நர்ஸ் வேலைக்குத் தேர்வானபோது அப்பா “பரவாயில்லை” என்றார், அதை நீ இன்றைக்கும் பதக்கம் போல் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே இருந்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறது அக்கா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீடு செய்யலாமாம். ஆனால் அதே வீட்டு நபர், அதாவது நான், நொயேல்லாவால் என்ன முடியாது என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரி வரவில்லை. பாட வராது என்பது உண்மை, ஆனால் ஆலையில் பாட்டுக்குச் சம்பளம் இல்லை. பள்ளி நாளில் ஒரு கோடை முழுக்க உன்னோடு இருந்தாளே, எதிலாவது தோற்றிருப்பாள், யோசித்து உடனே எழுது. இன்னொன்று, சாட்சிக்கு உன் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால், மாதாவின் பேரால் கேட்கிறேன், அவளைப் புகழாதே. சோம்பேறி என்று சொல். நம் குடும்பத்துக்கு அதுதான் இப்போது சோறு போடும்.

மாதா உன் மூட்டுகளைக் காக்கட்டும். பூனைக்கும் என் விசாரிப்பு.

உன் தம்பி,
லூசியன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒடீல் சொன்னபடியே எல்லாம் நல்லபடியாக நடந்தது, டார்சி மட்டும் கார்புரேட்டர் துடைத்த கையை ஆறேழு தடவை கழுவினான். காலையில் நொயேல்லாவுக்குச் சூடாகப் புளோய் கொண்டுபோனேன். “குழந்தையை இப்படிக் குடுத்துட்டு சாப்பிடும்மா” என்றேன். “இதோ தரேன்பா” என்றாள், தரவில்லை. புளோய் ஆறியது. மறுபடி கேட்டேன். “இதோ” என்றாள், கைதான் வரவில்லை. கடைசியில் நானே பிய்த்து ஊட்டினேன். பிறகு கீழே வந்து கம்பெனிக்கு எழுதினேன்: “என் மகளால் குழந்தையைக் கீழே வைக்க முடியவில்லை. மற்ற எல்லாம் முடியும்.” உறையில் போடுமுன் மேலே போய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டாவது வரியை அடிச்சிடுங்கப்பா, மறுபடியும் காரியத்தைக் கெடுத்துடும்” என்றாள்.

“கடுதாசியில அடிச்சிடறேன். அந்த வரி கம்பெனிக்கு இல்ல, உனக்குத்தான்” என்றேன், முகத்துக்கு நேரே.