கொப்பு கட்டிய வீடு

"மூணாவது தடவையா இதே மாதா சிலையைப் பார்க்கிறோம்" என்றாள் நீவெஸ். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர்னு வெளியில சொல்லிடாதீங்க."

"பஸ்ஸுக்கு ரூட்டு உண்டு. இந்த மலைக்காரங்க ரோட்டைப் போட்டுட்டு ஊரை வைக்க மறந்துட்டாங்க" என்றார் ஒட்டாவியோ.

"வீட்டுக்குப் போயிடலாங்க. எனக்குப் பசிக்கல."

அவளுக்குப் பசிக்காததுதான் பிரச்சினையே. போன மார்ச்சில் மகன் தாரியோ கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனான், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதமாக நீவெஸ் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுப்பருகே நின்றபடி இரண்டு கரண்டி சூப், அவ்வளவுதான். மகனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதும் இல்லை. டாக்டர் ஒட்டாவியோவைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே விட்டால் உங்கள் மனைவியும் உங்களுக்கு மிஞ்சமாட்டார்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த நவம்பர் தூறலில் கடலோர ட்ரியஸ்தே நகரத்திலிருந்து மலையேறி வந்திருந்தார் மனிதர். எங்காவது ஒரு மேஜை, நாலு பேர், நல்ல சாப்பாடு. அவள் ஒரு தட்டைக் காலி செய்தால் போதும்.

தேடி வந்த சாப்பாட்டுக் கடையோ பூட்டிக் கிடந்தது. திரும்ப வழி தெரியவில்லை. அப்போதுதான் முச்சந்திக் கம்பத்தில் இலையோடு கட்டித் தொங்கவிட்ட ஒரு பச்சைக் கொப்பு கண்ணில் பட்டது.

இந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வருஷத்தில் சில நாள் தங்கள் ஒயினை விற்க வீட்டையே கடையாகத் திறந்துவிடுவார்கள். கொப்பு தொங்கினால் கதவைத் தட்டக்கூட வேண்டாம், நேரே போய் உட்காரலாம்.

கொப்பு காட்டிய வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒரே நீள மேஜை. பதினோரு பேர் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், வாய் திறக்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள் கேட்காமலே பன்றித் தொடைக்கறி, அவித்த முட்டை, ரொட்டி, ஒரு கூஜா சிவப்பு ஒயின் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். ஒட்டாவியோ கறியில் ஒரு துண்டை வாயில் போட்டார். ஆகா! தன் வயதுக்கு இப்படி ஒன்றைத் தின்றதே இல்லை என்று தோன்றியது.

நீவெஸ் முட்டையைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் கலகலப்பு இருந்தால் சாப்பிடுவாள் என்று நினைத்தார் ஒட்டாவியோ. "என்ன சார், எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க!" என்று மேஜையைத் தட்டினார். "யாராவது ஒரு பாட்டை எடுத்து விடுங்க!"

பதினோரு வாயும் மெல்லுவதை நிறுத்தின.

நீவெஸ் அவர் முழங்காலில் இடித்து ஜன்னலைக் காட்டினாள். அங்கே ஒரு மெழுகுவத்தி எரிந்தது. பின்னால் கறுப்பு நாடா கட்டிய போட்டோ. கீழே 'ஸ்டாங்கோ' என்று பெயரும் இரண்டு தேதிகளும். இரண்டாவது தேதிக்கு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"எழுந்திருங்க, ஓடிடலாம்" என்று கிசுகிசுத்தாள்.

"இப்ப எழுந்தா இன்னும் அசிங்கம். நான் சமாளிக்கிறேன்."

சமாளித்த லட்சணத்தைக் கேளுங்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, துக்கத்துல வாய் குழறிடுச்சு. ஸ்டாங்கோ இப்படிப் போயிட்டாரே!" என்றார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "தெரியுமாவா! ஒண்ணாத்தானே வேட்டைக்குப் போவோம்!"

"அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லையே?"

மாட்டிக்கொண்டார் ஒட்டாவியோ. ஆனால் பக்கத்திலிருந்த வெள்ளை மீசைக்காரர் குறுக்கிட்டார். "உங்களுக்குத் தெரியாம போயிருப்பார்மா. குறியும் தப்பியிருக்காது."

"என்கிட்ட முப்பது வருஷமா மறைச்சிருக்காரா!"

"சேச்சே, துப்பாக்கி என்னோடது" என்று செத்தவர் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார் ஒட்டாவியோ. "அவர் சும்மா கூட வருவார்."

"காட்டுல கால் வைக்கவே பயப்படுவாரே..."

"பயந்த மாதிரி நடிச்சிருப்பார்மா" என்றார் மீசைக்காரர் உறுதியாக.

தன் பொய்க்கு இப்படி ஒரு சாட்சி எங்கிருந்து முளைத்தது என்று ஒட்டாவியோவுக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில குழிமேட்டுல பாதிரியார் அவசர அவசரமா முடிச்சுட்டார். நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"ஸ்டாங்கோ... நல்லவர்" என்றார். "இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போவார். கதவைச் சாத்தமாட்டார். ஷூவை நடு வழியில கழட்டிப் போடுவான். அன்னிக்கும் திட்டினேன். எடுத்து ஓரமா வைடான்னேன். வந்து வைக்கிறேன்னு சொல்லிட்டு வேற ஷூவை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அது இன்னும் அங்கேயேதான் கிடக்கு. நாங்க தாண்டித் தாண்டிப் போறோம்."

'அவர்' 'அவன்' ஆனதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"மஞ்சக்கருவை மட்டும் தின்னுட்டு வெள்ளையை என் தட்டுல போடுவான்" என்றது ஒரு குரல். நீவெஸ்தான். முட்டையைப் பிட்டு, வெள்ளையை வாயில் வைத்தாள். கண்ணீர் வழிய வழிய மென்றாள். பிறகு இன்னொரு முட்டை, பிறகு கறி. அந்த அம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். மீசைக்காரர் வாய்விட்டு அழுதார்.

ஒட்டாவியோவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. பெண்டாட்டி சாப்பிட்டுவிட்டாள், ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் சாவில் பொய் சொல்லி அல்லவா அது நடந்திருக்கிறது? மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போன மீசைக்காரரைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

"சார், நீங்க அவருக்கு ரொம்ப நெருக்கம்னு தெரியுது. உங்ககிட்ட மறைக்கமாட்டேன். ஸ்டாங்கோவை நான் பார்த்ததே இல்ல, கடைன்னு நினைச்சு நுழைஞ்சுட்டேன். அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன்."

மீசைக்காரர் அவர் கையை இறுகப் பிடித்தார்.

"ஐயோ, வேண்டாம் சார்! பழைய வேலித் தகராறு, சாவுக்கு ஊர்ல ஒருத்தன் எட்டிப் பார்க்கலைன்னு அந்தம்மாவே எங்ககிட்ட சொன்னாங்க, யாராவது வந்து உட்காரட்டும்னுதான் கொப்பைக் கட்டியிருக்காங்க. நாங்க பதினோரு பேருமே சாப்பிட வந்து, எழுந்து போக மனசில்லாம உட்கார்ந்திருக்கிறவங்க. ஸ்டாங்கோவுக்குன்னு வந்தவர் நீங்க ஒருத்தர்தான்னு அந்தம்மா நம்பிக்கிட்டிருக்காங்க!"