மார்ட்டின் சாரின் ஷூவுக்கு நான் சொன்ன விலை

நான் ஒரு மனிதரை நாட்டை விட்டே துரத்தியிருக்கிறேன். கத்தி, கம்பு எதையும் எடுக்கவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மூன்று நிமிடம் போனில் பேசினேன், அவ்வளவுதான். ஆள் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் இதை வயிறு குலுங்கச் சிரித்தபடி சொல்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் பற்றி எரிகிறது.

இரண்டாயிரத்து ஆறு. எனக்கு இருபத்தெட்டு வயது, வீட்டில் மூன்று வயது மகள். காலண்டர் அடிக்கும் அந்த அச்சகத்தில் கடிதப் போக்குவரத்து பார்க்கும் வேலை. (அதாவது, ஊரிலேயே கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்த காலம்.) எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் ஒரு பெரிய ஆஃப்செட் மிஷின் வாங்கினார். அதை ஓட்டிக் காட்டி எங்கள் ஆட்களைப் பழக்க ஜெர்மனியிலிருந்து மார்ட்டின் சார் வந்தார். ஒரு வருட ஒப்பந்தம். வீடும், மாதச் செலவுக்கு ரூபாயில் ஒரு தொகையும் அண்ணாச்சி கொடுத்தார்.

மார்ட்டின் சாரின் கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கொண்டுவந்த ஒரே ஜோடி ஷூ, மிஷின் கழுவும் திரவத்தில் ஊறி அடிப்பாகம் கழன்றுவிட்டது. புது ஷூ வாங்க சிவகாசி, விருதுநகர், மதுரை என்று அவரோடு நான் ஏறாத கடை இல்லை. மதுரையில் ஒருவர் கால் அளக்கும் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். பலகை முடிந்துவிட்டது, கால் முடியவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டில் பெரிய ரப்பர் செருப்பாகப் பார்த்து வாங்கினோம். குதிகால் இரண்டு விரல் அளவு வெளியே நிற்க, பேப்பர் லோடு ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கு நடுவே அந்த மனிதர் நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கூசும். ஒரு சக்கரம் ஏறினால் விரல் போய்விடும்.

இங்கே கிடைக்காததை எல்லாம் அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டு வரவழைப்பார். பொருள் வரும், கூடவே சுங்க வரிச் சீட்டும் வரும். அந்தக் கணக்கை நான்தான் அவருக்கு விளக்க வேண்டும். பொருளின் விலைக்கு வரி. அதை அனுப்பிய கூலிக்கும் வரி. அந்த வரிக்கு மேல் இன்னொரு வரி. எல்லாவற்றையும் கூட்டி, அதன் தலையில் கல்விக்கென்று ஒரு செஸ். நான்கு மாதத்தில் சுங்கத்துக்கு அவர் கட்டியது, அவர் சாப்பாட்டுக்குச் செலவழித்ததை விட அதிகம். அந்த மனிதர் என்ன, தங்க பிஸ்கட்டா வரவழைத்தார்? முதல் பார்சல் கறுப்பு ரொட்டி. சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடந்து, எங்கள் கைக்கு வரும்போது பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. அதற்கும் வரி கட்டித்தான் வாங்கினார். பூசணத்துக்கு வரி வாங்கிய அரசாங்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆடி பிறந்தது. காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும் நேரம். அப்போதுதான் மார்ட்டின் சார் அண்ணாச்சியிடம் வந்து, "நீங்கள் தருகிற பணத்தை அப்படியே வரியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷூவுக்குக்கூட இந்தப் பாடு என்றால் நான் கிளம்புகிறேன்" என்றார். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. சீசனில் இவர் போய்விட்டால் அந்த மிஷினை ஓட்ட ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

விதியைப் படித்து வழி கண்டுபிடித்தவன் நான்தான். அன்பளிப்பாக வருகிற பார்சல் ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குள் இருந்தால் வரி கிடையாது. மார்ட்டின் சாரின் அம்மா அங்கே ஷூ வாங்கி, மகனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். நான் சுங்கத்துக்கு ஒரு கடிதம் தட்டினேன், அந்த வரம்புத் தொகையையே அதில் எழுதி, அடிக்கோடும் போட்டு. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மொய்யும் சீரும் வாசிக்க மைக் என் கையில்தான் இருக்கும். தாய்மாமன் ஒரு குடம் கொண்டுவந்தால் வெறும் குடம் என்று வாசிக்க எனக்கு நாக்கு வராது. கனமான குடம், கம்பெனிக் குடம் என்பேன். கொடுத்தவருக்கு மகிழ்ச்சி, வாங்கியவருக்குப் பெருமை. கொடுத்த கையைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்பது என் அத்தா, அதாவது அப்பா, எனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை. அதனால் அதுவரை ஒருவரும் கெட்டுப்போனதில்லை.

ஒரு நாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். சுங்கத்திலிருந்து ஓர் அதிகாரி. மார்ட்டின் சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பைண்டிங் பிரிவு அக்காக்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"தம்பி, நமக்கும் அருப்புக்கோட்டைப் பக்கந்தான். உங்க கடுதாசியப் பாத்தேன். அந்தம்மா பார்சல்ல விலை போடுற இடத்தச் சும்மா விட்டுருக்காக. ஒரு சோடி ஷூ, ஒரு கம்பளிச் சட்டை, காப்பித்தூளு. பெரிசா ஒண்ணும் இருக்காதுல்ல?"

"இருக்காது சார்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் பெற்ற தாய் அனுப்பியதை, மகனை எதிரில் வைத்துக்கொண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்பதா? எனக்கு மைக் பிடித்த கை பரபரத்தது.

"என்ன சார் இப்பிடிச் சொல்லிட்டீக? தாய் அனுப்புன சீரு சார்."

"அது சரி தம்பி. ஷூ பழசா இருக்குமோன்னு கேட்டேன்."

"பழசா? புத்தம் புதுசு சார். ஒரிஜினல் தோலு. முன்னாடி இரும்பு வச்சுத் தச்சது."

"சரி, அந்தச் சட்டை என்னத்த, வீட்டுல பின்னுனதுதான?"

"கையால பின்னுனது சார்! வயசான அம்மா, வருசம் பூராம் உக்காந்து பின்னிருக்காக. அங்கன உள்ள ஆட்டு ரோமம் என்ன, சும்மாவா?"

(அந்தச் சட்டையை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. சிவகாசி வெயிலில் கம்பளிச் சட்டையை ஓசிக்குக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.)

தமிழ் தெரியாத மார்ட்டின் சார், என் வேகத்தைப் பார்த்துவிட்டு, காரியம் நன்றாகப் போகிறது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். என்னைத் தடுத்திருக்க வேண்டிய அண்ணாச்சியோ, தன் கம்பெனி விருந்தாளியின் வீட்டுப் பெருமையில் மயங்கி, "ஏலே காதரு, காப்பித்தூள விட்டுட்டயேலே, அதையும் சொல்லு" என்றார். அதையும் சொன்னேன்.

அதிகாரி கடைசியாக ஒரு கயிறு வீசிப் பார்த்தார். "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு அளவுக்குள்ள இருந்தா நானே விட்டுருவேன். மொத்தமா எம்புட்டுன்னு போடட்டும்?"

நான் ஒரு தொகையைச் சொன்னேன். வாசலில் நின்ற அக்கா "யாத்தே!" என்று வாயில் கை வைத்தார். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு பழைய மோட்டார் பைக் வாங்கலாம்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி தம்பி. நீங்க சொன்னதையே போட்டுக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

என்ன ஆயிற்று என்று மார்ட்டின் சார் கேட்டார். "உங்கள் அம்மாவின் மரியாதையைக் காப்பாற்றிவிட்டேன்" என்றேன். எழுந்து கை கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பத்தாவது நாள் தபால்காரர் சீட்டோடு வந்தார். மார்ட்டின் சார் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஏலே, என்னலே இது, ஷூவா பவுனா?" என்று அலறினார். நடந்ததை நான் ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான இங்கிலீஷ் நான் பேசியதில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "காதர், என் அம்மா அந்த ஷூவைத் தள்ளுபடியில் வாங்கினார்" என்று மட்டும் சொன்னார்.

வரியைத் தானே கட்டுவதாக அண்ணாச்சி கெஞ்சினார். "இந்தப் பார்சலுக்குக் கட்டுவீர்கள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே?" என்றார் மார்ட்டின் சார். பார்சலை வாங்க மறுத்து எழுதிக் கொடுத்தார். அது திரும்பப் போயிற்று. இரண்டு வாரத்தில் அவரும் போனார். விருதுநகர் ரயில் நிலையத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். என் கண்ணுக்கு எதிரே அந்த ரப்பர் செருப்பும், வெளியே நீண்டிருந்த குதிகாலும்தான். அழுகையாக வந்தது. அழுதால் சிரிப்பார்களே என்று கோபப்பட்டேன்.

ஐப்பசியில் மிஷின் நின்றது. பாதி ஆர்டரை அடுத்த அச்சகங்களுக்குத் தூக்கிக் கொடுத்தோம். என் வேலை மட்டும் தப்பியது. காப்பித்தூளைச் சொல்லச் சொன்னது யார் என்று அண்ணாச்சிக்கு நினைவிருந்தது.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. மனிதர் நான்கு முறை கதவைத் திறந்துவிட்டார், நான் நான்கு முறையும் சாத்தினேன். ஆனால் காலுக்கு ஷூ வேண்டும் என்று கேட்ட ஒருவரை, பட்டுப்பீதாம்பரம் இறக்குமதி செய்தவர் மாதிரி நடத்திய அந்த வரி மேல் எனக்குத் தீராத கோபம். அதைவிடப் பெரிய கோபம் என் வாய் மேல்.

இப்போது என் மகளே வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் பார்சலுக்கு வரி உண்டு. "அத்தா, வாடகைக்கே சம்பளம் சரியாப் போகுது. வரி கட்ட வச்சுறாதீக" என்று போனில் முதலில் அதைத்தான் சொல்வாள். போன மாதம் அவளுக்கு முறுக்கும் அல்வாவும் அனுப்ப, நானும் என் மனைவி ஜமீலாவும் கூரியர் ஆபீசுக்குப் போனோம். படிவத்தில் விலை எழுதும் கட்டம் வந்ததும் ஜமீலா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றாள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் கதை தெரிந்திருக்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைக் காட்டினாள். வெளியே வெயிலில் போய் நின்றேன்.

கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஜமீலா எழுதிய தொகை தெரிந்தது. பெற்ற பிள்ளைக்கு அனுப்பும் பண்டத்துக்கு இவ்வளவுதான் மதிப்பா? எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏம்மா, அல்வால சுத்தமான நெய்யின்னு எழுது!" என்று கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள்.